சாட்சி இல்லாத பிரிவு

தோரா எனக்குச் சீட்டில் விழுந்தது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் பழங்காலச் சட்டம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் இந்த வருஷம் புதிதாக ஓர் ஏற்பாடு. செயலாளர் ராம் சீட்டு எழுதிக் குலுக்கினான். வீரபத்திரனுக்கு ரோமாபுரிச் சட்டம் போனது, சக்திவேலுக்கு பாபிலோன் ராஜாவின் சட்டம், எனக்கு யூதர்களின் தோரா.

"கறுப்புச் சட்டைக்காரர் பொண்ணு கையில வேதமா? நல்லா மாட்டிகினீங்க மேடம்" என்று ராம் சிரித்தான்.

என் நைனா அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டியவர். சாமி இல்லை என்று சாகும்வரை சாதித்தவர். எனக்கு மணியம்மை என்று பேர் வைத்ததும் அந்தப் பிடிவாதத்தில்தான். திருத்தணியில் பதினெட்டு வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறேன், மலையேறிச் சாமி கும்பிட்டதில்லை. அப்படிப்பட்டவளிடம் சீட்டு வந்தால் ராம் சிரிக்கத்தான் செய்வான்.

ஆனால் எடுத்ததை ஒழுங்காகச் செய்வேன், அது என் குணம். அரக்கோணத்தில் பழைய புத்தகக் கடையில் தமிழ் வேதாகமம் ஒன்று வாங்கினேன். அதன் முதல் ஐந்து ஆகமங்கள்தான் தோரா. யூத உரையாசிரியர்கள் எழுதிய விளக்கத்தை இங்கிலீஷில் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, எந்தச் சட்டத்தையும் எப்படிப் படிப்பேனோ அப்படியே படித்தேன். இது யாருக்குப் பொருந்தும், மீறினால் என்ன, யார் நிரூபிக்க வேண்டும்?

சும்மா சொல்லக்கூடாது, எழுதினவன் கெட்டிக்காரன். ஒருவனுடைய மாடு இன்னொருவனை முட்டிக் கொன்றுவிட்டால் தண்டனை மாட்டுக்குத்தான், சொந்தக்காரனுக்கு இல்லை. ஆனால் அது ஏற்கெனவே முட்டிப் பழகிய மாடு, சொந்தக்காரனிடம் சொல்லியும் அவன் கட்டிவைக்கவில்லை என்றால் அவன் தப்ப முடியாது. தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று நாங்கள் கோர்ட்டில் தொண்டை வறள வாதாடுவதை இவர்கள் நான்கு வரியில் முடித்துவிட்டார்கள். புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, இல்லாவிட்டால் விழுந்தவன் ரத்தம் உன் தலைமேல் என்று ஒரு விதி. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரின் வழக்கை நான் ஆறு வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

யூதர்கள் மொத்தம் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளை என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் செய்யாதே என்பது மட்டும் முன்னூற்று அறுபத்தைந்து. ராமிடம் இதைச் சொன்னதும், "நம்ம மலைக்கும் அத்தினி படிதான் மேடம்! படிக்கு ஒண்ணுன்னு எழுதி ஒட்டிட்லாம், ஏறும்போதே ஜனம் திருந்திடும்" என்றான். கோர்ட் வளாகம் முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்துக்கு வந்தேன். அதில் பதினாலாம் வசனம். காது கேளாதவனைத் திட்டாதே, கண் தெரியாதவன் வழியில் தடுக்கலை வைக்காதே என்கிறது. இதற்கு ஒரு சட்டம் வேண்டுமா, எந்தப் பாவி கண் தெரியாதவன் காலடியில் கல்லை வைப்பான் என்று நினைத்துக்கொண்டே விளக்கத்தைப் புரட்டினேன். உரையாசிரியர்களும் அதையேதான் கேட்டிருந்தார்கள். அதனால் இது கண்ணைப் பற்றியது மட்டுமல்ல என்கிறார்கள். ஒரு விஷயத்தில் விவரம் தெரியாதவன் அந்த விஷயத்தில் கண் தெரியாதவன். அவன் உன்னிடம் யோசனை கேட்டு வந்தால், அவனுக்குப் பொருந்தாத யோசனையைச் சொல்லாதே. வயலை விற்றுவிட்டுக் கழுதை வாங்கு என்று சொல்லிவிட்டு, அந்த வயலை நீயே வளைத்துப் போடாதே.

நம் ஊரில் கழுதைக்குப் பதில் ஷேர் ஆட்டோ என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஓரத்தில் எழுதினேன். பேச்சில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும்.

பிறகுதான் வசனத்தின் வால் கண்ணில் பட்டது. உன் தெய்வத்துக்குப் பயப்படு என்று முடிகிறது. மாடு முட்டின இடத்தில் இந்த வால் இல்லை, மாடிச் சுவரிலும் இல்லை. பென்சிலால் தேடிக்கொண்டே போனேன். அந்த ஆகமத்தில் ஐந்து இடத்தில்தான் அது இருந்தது. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நில் என்பதில் ஒன்று, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டால் யார் கண்டுபிடிக்க முடியும்? ஐந்தும் அதே மாதிரி, நெஞ்சுக்குள் நடக்கிற குற்றங்கள். யோசனை சொன்னவன், நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றால் முடிந்தது. சாட்சி கிடையாது, ஆவணம் கிடையாது. சட்டம் எழுதினவனுக்கே அது தெரிந்திருக்கிறது, கையை விரித்துவிட்டான்.

பென்சிலை வைத்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு என் சீனியர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். வரக்கூடாது என்று தள்ளினேன், போகவில்லை.

ஆதிகேசவன் சார் இந்த ஊரில் பெரிய வக்கீல். சுற்றுப்பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் அவருடைய ஆபீஸ். தறிக்காரர் பெண்ணாக, யார் சிபாரிசும் இல்லாமல் போய் நின்ற என்னைச் சேர்த்துக்கொண்டார். மனு எழுதுவதும் சாட்சியை எங்கே விட்டு எங்கே பிடிப்பது என்பதும் எனக்கு அந்த மாடியில் வந்ததுதான். இன்றைக்கும் அவர் பேருக்குக் கீழே என் பேர் அதே பலகையில் இருக்கிறது. நைனாவுக்கு அடுத்தபடியாக நான் யாரையாவது நம்பினேன் என்றால் அவரைத்தான்.

பத்து வருஷத்துக்கு முன் சிவில் நீதிபதி தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. வயது வரம்பை நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தேன், அநேகமாக அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. நான்கு வருஷமாக அதற்காகவே படித்து மூன்று கனத்த நோட்டுகள் எழுதி வைத்திருந்தேன். நைனா தறிக்காரத் தெரு முழுக்க, "எம் பொண்ணு ஜட்ஜு ஆவப்போறா" என்று சொல்லியாகிவிட்டது. விண்ணப்பம் போட ஒரு வாரம் இருக்கும்போது சார் கூப்பிட்டார்.

"மணி, இந்த வருஷம் எழுதாதம்மா. அறிவிப்பை எதிர்த்து ஐகோர்ட்டுல ரிட் போட்டுகினு இருக்கானுங்க. கண்டிப்பா ரத்தாயிடும். நீ எழுதி, அது வீணாப் போயி, மனசு ஒடைஞ்சிகினு உக்காந்திருப்ப. அடுத்த வருஷமே வேற வரும், வயசுல சலுகையும் குடுப்பானுங்க. அப்ப எழுது."

ஆங் சார் என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

பிறகு, "நோட்டை சும்மா வெச்சிகினு இன்னா பண்ணப்போற, சுஜாதாவுக்குக் குடு. பழக்கத்துக்குச் சும்மா எழுதிப் பாக்கட்டும்" என்றார். சுஜாதா அவர் பெண், அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தாள். மணிக்கா, மணிக்கா என்று என்னையே சுற்றி வருவாள். நோட்டுகளைக் கொடுத்ததோடு நிற்காமல் தினமும் சாயங்காலம் உட்கார வைத்துப் பாடமும் நடத்தினேன். அறிவிப்பு ரத்தாகவில்லை. ரிட் தள்ளுபடியாயிடுச்சும்மா, நம்ம நேரம் என்றார் சார். சுஜாதா தேறி நீதிபதியாகித் தெற்கே போனாள். அடுத்த அறிவிப்பு வருவதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. எனக்கு வயது தாண்டியிருந்தது. நைனாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரை தெருவில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

எதிராளி வக்கீல் ஒரு தீர்ப்பைச் சொன்னால் வழக்கு எண் என்ன, வருஷம் என்ன என்று குடைகிறவள் நான். கட்சிக்காரர் தன் பேரைச் சொன்னாலே அடையாள அட்டை கேட்கிறவள். சீனியரிடம் மட்டும் ரிட் எண் என்ன என்று கேட்கவில்லை. எங்கள் தொழிலில் எந்த ஜூனியரும் கேட்க மாட்டான். கேட்டால் அது உங்களை நம்பவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி.

பத்து வருஷம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், கம்ப்யூட்டரிடம். ஐகோர்ட் இணையதளத்தில் தேர்வாணையத்தின் பேரைப் போட்டு அந்த வருஷத்து வழக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுத்த நாள் சென்னையில் இருக்கும் என் வகுப்புத் தோழி சுதாவைப் பதிவேட்டிலும் பார்க்கச் சொன்னேன். அவள் மத்தியானமே கூப்பிட்டாள்.

"அந்த அறிவிப்ப எதிர்த்து ஒரு கேஸ் கூட இல்லடி. முன்ன பின்ன ரெண்டு வருஷமும் பாத்துட்டேன். இப்ப எதுக்கு இது?"

சும்மா ஒரு கட்சிக்காரருக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் என்ன பாவம் செய்தேன், அவர் உள்ளதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நோட்டுகளை எப்படியும் கொடுத்திருப்பேனே, இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதியிருப்போமே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்புறம் வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது. அவருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். யாராவது தப்பாகச் சொல்லியிருக்கலாம், வக்கீல்கள் கூடும் பார் ரூமில் ஆயிரம் வதந்தி. அப்படி இருந்தால் அவர் நிரபராதி, நான் நன்றிகெட்டவள். தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நேரே போய்க் கேட்கலாம். நல்லதுக்குத்தான் சொன்னேம்மா என்பார், அதற்கு மேல் குறுக்கு விசாரணை கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. சங்கத்தில் நாற்பது பேர் கேட்க வந்திருந்தார்கள். சார் எப்போதும்போல முதல் வரிசை. முட்டுகிற மாட்டைச் சொன்னேன், தெருநாய்க்கும் அது பொருந்துமா என்று சக்திவேல் கேட்டான். மாடிச் சுவருக்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பதினாலாம் வசனத்துக்கு வந்தேன். அதன் பொருளையும் வயலையும் கழுதையையும் ஷேர் ஆட்டோவையும் சொன்னேன். வாலையும் சொன்னேன். கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரையும் சுட்டிப் பேசவில்லை, என் குரல்கூட மாறவில்லை, அதற்குச் சத்தியம் செய்வேன்.

"நிரூபிக்க முடியாத குற்றம்னு தெரிஞ்சே எழுதியிருக்காங்க. அதனால தண்டனை போடாம, தெய்வத்துக்குப் பயப்படுன்னு மட்டும் சொல்லி விட்டுட்டாங்க. எங்க நைனா இருந்தா, பயப்படாதவன இன்னா பண்றதுன்னு கேட்டிருப்பாரு" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கைதட்டினார்கள். ஷேர் ஆட்டோவைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போண்டா தின்றார்கள். வீரபத்திரன், தன் மச்சினன் இப்படித்தான் ஒருவனை மனை விற்க வைத்தான் என்று ஒரு கதை சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். சார் எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கோர்ட் தொடங்குவதற்கு முன் சார் என் அறைக்கு வந்தார். வழக்கமாக என்னைத்தான் அவர் அறைக்குக் கூப்பிடுவார். கையில் ஒரு கோப்பு. முகம் வாடியிருந்தது, இரண்டு நாளில் பத்து வயது கூடின மாதிரி.

"சுஜாதாவுக்கு மெமோ வந்திருக்கும்மா" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு வழக்கில் வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைத்துவிட்டு, ஐந்து மாதம் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். விளக்கம் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். அந்த ஐந்து மாதமும் அவள் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்திருக்கிறாள் என்று சார் சொன்னார். கோப்பு சரியாக வைக்காத கிளார்க் மேல் தள்ளிவிடலாம் என்பது அவர் எண்ணம். கூடவே அவளுக்கு மேலே இருக்கும் அதிகாரி மேல் நாலு வார்த்தை எழுதலாமா என்றும் இருந்தது.

"நீ இன்னா சொல்ற? உன்னக் கேட்டுகினுதான் எழுதணும்னு அவளும் சொன்னா."

பொய் சொல்ல விருப்பமில்லாததால் இதையும் எழுதுகிறேன். சண்டை போடுங்க சார், விடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அது விசாரணை வரைக்கும் போயிருக்கும். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று நானும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மெமோவின் தலைப்பில் சுஜாதா பேர் இருந்தது. என் நோட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்த பெண் அவள்.

"சண்ட வேணாம் சார். கிளார்க் மேல போடறதும் வேணாம். தாமதம் ஆச்சு, தப்புதான், குழந்தைக்கு உடம்பு சரியில்ல, இனிமே ஆவாதுன்னு ஒரு பக்கம். மருத்துவச் சீட்டு சேத்து அனுப்பச் சொல்லுங்க. எச்சரிக்கையோட முடிச்சிடுவாங்க."

சார் என்னையே பார்த்தார்.

"தப்புன்னு ஒத்துக்கணும்னு சொல்ற."

"ஆங் சார்."

"ஒத்துகினா அத வெச்சே புடிச்சிகினு மேல போவ மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ஒத்துக்காட்டிதான் விசாரணை வைப்பாங்க. இந்த மாதிரி மூணு பாத்திருக்கேன்."

"நெஜமாத்தான் சொல்றியா மணி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நான் சொன்ன சட்டத்தை அப்படியே கோர்ட்டில் எழுந்து சொல்கிறவர் அவர். மறுபடி ஒருமுறை மெமோவைப் பிரித்தார், மூடினார், விரல்கள் ஓயாமல் நாடாவைச் சுற்றின. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு நம்பிக்கை இல்லன்னு தெரியும். இருந்தாலும் எனக்காக. மலை மேல இருக்கறவன் மேல ஆணையா, சுஜாதாவுக்கு நல்லதுன்னுதான் இதச் சொல்றேன்னு சொல்லு."

நாற்பது பேர் கேட்ட பேச்சு அது. முப்பத்தொன்பது பேர் போண்டா தின்றுவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு நாள் வைத்திருந்து, திங்கட்கிழமை என் எதிரில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் தேடின பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன்.

"நீங்க எனக்குச் சொன்னப்ப நான் ஆணை கேக்கலையே சார்" என்றேன்.

அவருக்கு உதடு துடித்தது.

"அடுத்த வருஷமே வரும்னுதான் நெனச்சேன் மணி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயிட்டா ஆபீஸ யாரு பாப்பாங்கன்னு… ஒரு வருஷம்தானேன்னு…"

நான் தேர்வு என்ற சொல்லையே எடுக்கவில்லை. எதைப் பற்றி என்று அவரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று எத்தனையோ கேஸ் தோற்ற நாட்களில் அடக்கியிருக்கிறேன், அன்றைக்கு அடக்கவில்லை. கண்ணைத் துடைக்காமலே கோப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போவணும் சார். மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லுங்க. நான் சொன்னது அதுதான்."

கோப்பை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவைக் கடந்து கோர்ட் வாசலில் வீரபத்திரனை நிறுத்தி, கோப்பைப் பிரித்துக் காட்டி என்னவோ கேட்டார். வீரபத்திரன் படித்துவிட்டு ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்திக் காட்டினார், மன்னிப்புக் கேட்டுவிடச் சொல்கிறார் என்று இங்கிருந்தே தெரிந்தது. சார் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த சக்திவேலைக் கைதட்டிக் கூப்பிட்டார்.